முழிக்க மறுத்த கம்ப்யூட்டர்

"வெளியாள் யாரையாவது கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி, மூன்றாவது தடவையாக.

"கூப்பிட்டா தெருவே கைகொட்டிச் சிரிக்கும். நீ சும்மா இரு."

மேஜைக்கு அடியில் தலையை விட்டிருந்ததால் கணவரின் குரல் மட்டும்தான் வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கம்பெனிப் படம் வரும். கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். செக்குமாடு தோற்றது.

கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்று ஐந்து மணிவரைதான் கெடு. இப்போது மணி நாலு. மகள் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, என் சர்டிபிகேட் எல்லாம் இதுக்குள்ளதான்பா இருக்கு. எதுத்த வீட்டு அங்கிளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்..."

"அவரைக் கூப்பிடறதுக்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கலாம்!"

உள்ளேயிருந்த மெமரிச் சில்லைக் கழற்றி, மகளின் ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டினார். வட்டம் சுற்றியது. ஒயர்களை மாற்றிச் செருகினார். சுற்றியது. தட்டினார். கடைசியில் கெஞ்சினார். "இன்னிக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாத்துடி ராசாத்தி" என்று அதன் முதுகைத் தடவியதை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருப்பீங்களா?" என்றபடி குனிந்தவள், பின்பக்கத்திலிருந்து எதையோ பிடுங்கினாள். "இது என்ன, இங்க ஒட்டிக்கிட்டிருக்கு?"

"அய்யோ, என் பாட்டு பென்டிரைவ்மா! இங்கயா இருந்துச்சு?"

"இப்ப ஆன் பண்ணுங்க."

திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. இத்தனை நேரமும் கம்ப்யூட்டர் மேலே போகாமல் அந்தப் பென்டிரைவையே நோண்டிக்கொண்டு கிடந்திருக்கிறது!

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அடுத்து அதைத்தான் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர். யாரும் காதில் வாங்கவில்லை.

வாசலில் பெல் அடித்தது. அவரே போய்த் திறந்தார். கம்ப்யூட்டரை மார்போடு அணைத்தபடி ஒருவர் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"கடை பூட்டியிருந்துச்சு சார், அதான் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். ஆன் பண்ணா பாதியிலயே நிக்குது. இருபது வருஷமா இந்த ஏரியாவுல கம்ப்யூட்டர் ரிப்பேர்னா நீங்கதானே!"

"வெச்சிட்டுப் போங்க. பெரிய கோளாறு மாதிரி தெரியுது" என்று கனைத்துக்கொண்டே, அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.