விரல் படாமல்

“விரலை மட்டும் அந்த மிசின்ர கண்ணாடியில வச்சுப்போடாதை பிள்ளை” என்று வரிசையில் பின்னால் நின்ற லூர்தம்மா காதைக் கடித்தாள். “தொட்ட உடன கைரேகையைப் பிடிச்சு உள்ளுக்குள்ள வச்சிருக்குமாம். ஊரெல்லாம் அதுதான் கதை.”

செலீனா விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

பள்ளிமுனையில் வீட்டுக்கு ஒருவர் மண்டபத்துக்கு வந்து பதிவு செய்ய வேண்டும் என்று இராணுவ முகாமிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வராத வீட்டுக்கு அவர்களே வருவார்கள். அந்த வருகை எப்படியிருக்கும் என்று இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வரிசையில் நின்ற எல்லோருக்கும் பயம்தான். ஆனால் செலீனாவின் பயத்துக்குக் காரணம் ஒரு நீல நிற எண்ணெய்க் கான்.

போன செவ்வாய்க்கிழமை தம்பி பெனடிக்ற் இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போக வள்ளம் ஏறினான். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய்க் கானைக் கரைக்குச் சுமந்து போனவள் அவள். திரும்பும்போது வெறுங்கானை மணலில் புதைத்துவிட்டு வந்தாள். எந்த நாய் கிளறியதோ, இரண்டே நாளில் அது முகாம்காரர் கண்ணில் பட்டுவிட்டது. வெறுங்கையால் தொடாமல் துணியால் சுற்றி அதைத் தூக்கிப் போனதை அவள் வேலிக்குள் நின்று பார்த்தாள்.

கானில் உள்ள கைரேகை அவளுடையது என்று தெரிந்தால், தம்பிக்காகத் தூக்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? இயக்கத்துக்கு எண்ணெய் கடத்தினாள் என்றுதான் எழுதுவார்கள். அவளைக் கொண்டு போய்விட்டால், பாயோடு கிடக்கும் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

மேசைக்கு முன்னால் இப்போது யாகப்பர் நின்றார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன மிசின். அதன் கண்ணாடியில் எண்கள் தெரிந்தன. வலை இழுத்துத் தடித்துப்போன விரலால் அவர் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

“அப்பு, உங்கட வீட்டில எண்பத்தெட்டுப் பேரோ?” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த இராணுவ அதிகாரி.

“ஐயோ சேர், நானும் மனிசியும் மட்டுந்தான்!”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வரிசை விழித்தது. அதிகாரி நல்ல தமிழ் பேசினார். செலீனாவுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“பெரிய விரலுக்கு இது சரிவராது. விருப்பமான ஆக்கள் பேனை கேளுங்கோ, தாறன்” என்றார் அவர். யாகப்பர் வீம்புக்காரர், விரலாலேயே இன்னும் நாலு குத்துக் குத்தி வேலையை முடித்துக்கொண்டு போனார்.

அடுத்தது செலீனா. அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். காலையிலிருந்து தொட்டவர்களின் விரல்பட்டு, பொரித்த மீன் தின்ற தட்டுப் போல் அது மங்கிக் கிடந்தது. இத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்களே என்று மனம் பதறியது.

“விரலோ, பேனையோ?”

“பேனை சேர்.” வாய் முந்திக்கொண்டது.

அதிகாரி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பேனை ஒன்றை எடுத்தார். மையில்லாத, வழவழப்பான உலோகப் பேனை. துணியால் நன்றாகத் துடைத்து, நுனியைத் தான் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தை அவளிடம் நீட்டினார். கத்தியைக் கொடுக்கும்போது பிடியை நீட்டுவதுபோல மரியாதையாகத்தான் இருந்தது.

“வீட்டில எத்தினை பேர்?”

“அம்மா, நான், தம்பி. மூண்டு பேர் சேர்.”

“தம்பி எங்க?”

“அரிப்பு ஊரில, மாமா வீட்ட. தொழிலுக்குப் போனவன்.”

அதிகாரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி, நான் காட்டுற இடத்தில குத்துங்கோ” என்றார்.

ஐந்து விரலாலும் பேனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினாள். விரல் முட்டி கூடக் கண்ணாடியில் உரசிவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். பேனை வியர்வையில் வழுக்கியது, இன்னும் இறுக்கினாள். மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

“முடிஞ்சுது தங்கச்சி. நீங்கள் போகலாம்.”

போன உயிர் திரும்பி வந்தது. பேனையை மேசையில் வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். லூர்தம்மாவைக் கடக்கும்போது, “பேனையைக் கேளுங்கோ மாமி” என்று உதட்டசைவிலேயே சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் நின்ற சிப்பாய் அடையாள அட்டை எங்கே என்று சைகையால் கேட்டான். பதற்றத்தில் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போனாள்.

அதிகாரி கைக்குட்டையால் பேனையின் நுனியைப் பிடித்து, ஒரு பொலித்தீன் பைக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். பையின் மேல் ஒட்டியிருந்த துண்டில், அவளுடைய அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதினார்.

அழுத்திக் குத்தியதில் முறித்துவிட்டேனோ என்று செலீனாவுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. “பேனை பழுதாப் போச்சோ சேர்?”

அதிகாரி அட்டையை அவளிடம் நீட்டினார். குரல் தாழ்ந்து, அன்பாகவே வந்தது.

“இல்லை தங்கச்சி. கண்ணாடியில ஊர்ச்சனத்தின்ர விரல் எல்லாம் கலந்து கிடக்கு. பேனையிலதான் ஒராளின்ர மட்டும் இருக்கும்.”