வெளியேறும் வழி

அந்தப் புரதம் உயிரணுவின் உட்கருவுக்குள் நுழையவே நுழையாது என்று பேராசிரியர் செல்லப்பாண்டியன் இருபது வருடங்களாக எழுதிவந்தார். அவருடைய ஆய்வு மாணவி ஜெசிந்தா அதைப் பச்சையாக ஒளிரச் செய்து, உட்கருவிலிருந்து வெளியேறும் வழியை மட்டும் மருந்தால் அடைத்தாள். ஒரு மணி நேரத்தில் உட்கரு முழுக்கப் பச்சை. இத்தனை காலமும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. போன வேகத்திலேயே வெளியே தள்ளப்பட்டிருக்கிறது.

“யாரைக் கேட்டுப் பண்ணின?” என்று சீறிவிட்டு அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு கையால் துழாவி விளக்கின் ஒளியை உச்சத்துக்கு ஏற்றினார்.

“சார், அவ்வளவு வெளிச்சம் வைக்காதீங்க, பச்சை அழிஞ்சிடும்.”

“தெரியும்.”

பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் இருந்துவிட்டு நிமிர்ந்தார். “வந்து பாரு. ஒண்ணுமில்ல. உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடப்போறவன் சொல்றேன்.”

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். ஒரே இருட்டு. வெளிச்சத்தைக் குறைத்து, உயிரணுக்கள் இருந்த கண்ணாடித் தட்டை ஒரு நூலளவு நகர்த்தினாள். வெளிச்சம் படாதிருந்த அந்த இடத்தில் உட்கருக்கள் கொத்துக்கொத்தாகப் பச்சையில் எரிந்தன.

“இப்பப் பாருங்க சார்” என்று எழுந்து வழிவிட்டாள்.

அவர் குனியவில்லை.