சும்மா இருந்த மூட்டை

"அவிழ்த்துப் பார்த்துடலாம்க்கா. எது வந்தாலும் வரட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, தங்கைக்கு உள்ளூர உதறல்தான். போன மழைக்காலத்தில் கிடங்கிலிருந்த கருவாட்டில் பாதியை வண்டு அரித்துத் தூளாக்கிவிட்டது. பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார்கள் பலர். தின்கிற பொருளில் விஷமா என்று அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். இந்த மழைக்கும் வழி பிறக்காவிட்டால் கடையை மூடிவிட்டு அக்காவும் தங்கையும் கூலி வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

வேப்பிலையையும் மிளகையும் இடித்துத் தூவலாம் என்று யோசனை சொன்னவள் தங்கை. அக்கா லேசில் மசிகிற ஆளா? ஒரு மூட்டையில் பொடி போடு, பக்கத்து மூட்டை சும்மா இருக்கட்டும், அது அரித்து இது தப்பித்தால் நம்புகிறேன் என்றாள். இடிக்கும்போது தங்கை தும்மிய தும்மலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்று மழை ஓய்ந்துவிட்டது. முதலில் பொடி மூட்டையை அவிழ்த்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு வண்டு இல்லை. தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தது சும்மா இருந்த மூட்டை. அதிலும் வண்டு இல்லை.

அக்கா மேலாக நாலைந்து கருவாட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உன் பொடியால இல்லடி. இந்த வருஷம் வண்டே வரல, அவ்வளவுதான். அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்த மழைக்குச் சரக்கு வாங்க முடியுமா?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தங்கைக்கு இன்னும் வலித்தது. கண் கலங்கியதை மறைக்க மூட்டையைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அந்நேரம் பார்த்து அக்காவின் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோகிற மனிதர், வீடு தங்குவதே அபூர்வம். சகோதரிகளின் பந்தயத்தைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிட்டதில்லை. திறந்திருந்த அந்த இரண்டாவது மூட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இது தப்பிச்சுடுச்சா? நல்லவேளை. நடுவுல ஒரு நாள் வந்து பார்க்கறேன், இந்த மூட்டையில மட்டும் வண்டு மொய்க்குது. பக்கத்து மூட்டைக்குப் பொடி போட்டுட்டு ரெண்டு பேரும் இதுக்குப் போட மறந்துட்டீங்க போலன்னு, எல்லாத்தையும் கொட்டி உதறி, மிச்சமிருந்த பொடியை அடியில தூவிக் கட்டி வச்சேன்."