திரையை அணைத்தவர்

மாதேஸ்வரன் கையை நீட்டிக் கம்ப்யூட்டர் திரையைப் பட்டென்று அணைத்தபோது, கலாவதிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீ தளும்பியது.

கண் தெரியாத ஒரு பெண் வேலையில் இருக்கும்போது செய்கிற காரியமா இது?

அந்தப் பெண் கீர்த்திகா. காபி விவசாயிகள் சங்கத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவள். உறுப்பினர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துத் தேடுகிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை அன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் தலைவர் வருவதற்குள் அவளே ஏற்றிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சேலத்திலிருந்து வேறு ஆள்.

திரையில் வருவதையெல்லாம் அவளுக்கு ஒரு குரல் வாசித்துச் சொல்லும். இயர்போன் காலையில் பஸ் நெரிசலில் அறுந்துபோனதால், அந்தக் குரல் ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கேட்டால் சும்மா இருப்பார்களா? மொத்த ஆபீஸும் அவள் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டது. முன்வரிசையில் கலாவதி. அவளுக்கு மனசு நிறைய இரக்கம், வாய் நிறைய யோசனை.

குரல் ஒரு வரி படிப்பதற்குள் கலாவதி இரண்டு வரி படித்தாள்.

"கீழ நெக்ஸ்ட்டுன்னு இருக்குது கண்ணு, அமுக்கு."

பாஸ்வேர்ட் அடித்தபோது அதை மறைக்கக் குரல் ஒவ்வொரு எழுத்துக்கும் "ஸ்டார், ஸ்டார்" என்றது. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பெட்டியில் அதே பாஸ்வேர்டை மறுபடி அடிக்கச் சொன்ன குரல் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

"நெக்ஸ்ட்டு கண்ணு, நெக்ஸ்ட்டு" என்று அவசரப்படுத்தினாள் கலாவதி.

கீர்த்திகா அமுக்கினாள். இரண்டாவது பெட்டி காலியாக இருந்ததால் டங்கென்று ஒரு சத்தம். பதறிப்போன கலாவதி மவுஸைப் பிடித்து எதையோ தட்ட, நடந்துகொண்டிருந்தது மொத்தமாக நின்றுபோனது. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"பாவம், கண்ணு தெரிஞ்சிருந்தா இந்தக் கஷ்டமில்ல" என்று உச்சுக் கொட்டினாள்.

கீர்த்திகா எழுந்தாள். செயலாளர் மாதேஸ்வரன் மேஜையோரம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். பின்னாலேயே வந்தார் மாதேஸ்வரன். அவர் சிரித்து அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் திரையை அணைத்தார்.

"ஏனுங்க சார், என்னங்க இது?" என்றாள் கலாவதி.

"கண்ணு தெரியாத புள்ளைக்குத் திரை எதுக்கு? கரண்ட்டுக்குத் தண்டம்."

இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்தாள் கலாவதி. பார்க்க ஒன்றும் இல்லாததால் கூட்டம் கலைந்தது. மலைமேல் இருக்கிற சேர்வராயன் சாமி எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று மாதேஸ்வரன் காதுபட முனகிவிட்டு அவளும் தன் இடத்துக்குப் போனாள்.

ஆபீஸில் குரல் மட்டும் கேட்டது. குரல் படிக்கும், கீர்த்திகா கீபோர்டைத் தட்டுவாள், மறுபடி குரல் படிக்கும். ஸ்டார், ஸ்டார் என்றது. இன்னொரு முறை ஸ்டார், ஸ்டார் என்றது. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் குரல் "இன்ஸ்டலேஷன் கம்ப்ளீட்" என்றபோது கீர்த்திகா இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தாள். கையோடு சில உறுப்பினர்களின் விவரத்தையும் ஏற்றிவைத்தாள்.

தலைவர் வந்தார். யாராவது ஒருத்தரைத் தேடிக் காட்டச் சொன்னார். கீர்த்திகா தட்டினாள்.

"அம்மாசி, ஊர் தலைச்சோலை" என்றது குரல்.

காபி விலை விசாரிக்க வந்து மழைக்கு ஒதுங்கியிருந்த அம்மாசி, "நான்தானுங்க சாமி" என்று வாசலில் எழுந்து நின்றார்.

ஆபீஸே கைதட்டியது. வேலை நிரந்தரம் என்று தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார். கலாவதி ஓடிப்போய்க் கீர்த்திகாவைக் கட்டிக்கொண்டாள். பெருமையில் அவளுக்குக் கண் கலங்கியது. சும்மா விடுவாளா? மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"திரையை அணைச்சும் எங்க புள்ள ஜெயிச்சுட்டா, பாத்தீங்களா சார்?"

அவர் குனிந்து ஃபைலைப் புரட்டினார்.

கீர்த்திகா கலாவதியின் கையைப் பிடித்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரை ஒன்னும் சொல்லாதீங்கக்கா. அணைக்கச் சொன்னதே நானுங்க. நீங்கெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா, எனக்குக் காது கேக்க மாட்டேங்குதுங்க."