இடது பெடல், வலது பெடல்

"இடது பெடல், மாமா. லேசா. லேசான்னா லேசா."

பின் இருக்கைக்கும் தனியாக இருந்த பெடலை வாசிலி காலால் அழுத்தினார். விமானத்தின் வால் சக்கரம் சரளையைக் கீறித் திரும்பியது. "போதும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் விமானி மத்ரோனா, அவர் தங்கை மகள்.

பனிமூட்டத்துக்குப் பயந்து அலாஸ்காவின் அந்த ஆற்றுத் திட்டில் இறங்கியிருந்தார்கள். மூட்டம் விலகியதும் மத்ரோனா விமானத்தின் வாலைத் தூக்கித் திருப்பியபோது, வெள்ளம் ஒதுக்கிய மரம் ஒன்று உருண்டு அவள் இரண்டு கால்களையும் நொறுக்கிவிட்டது. அவள் அலறிய பக்கமாகத் தவழ்ந்து வந்து, மரத்தைப் புரட்டி, அவளை முன் இருக்கையில் தூக்கி வைத்தவர் வாசிலிதான். ரேடியோவில் யாரும் பதில் சொல்லவில்லை.

"தண்ணி சத்தம் கிட்ட வந்துடுச்சு," என்றார்.

"இப்பக் கிளம்பலைன்னா திட்டு மூழ்கிடும். கை வேலைய நான் பாத்துக்கறேன். தரையில ஓடறப்ப இதுக்குக் கால்தான் எல்லாம். வால் கொஞ்சம் விலகினாலும் அப்படியே சுத்திக் கவுந்துடும்."

"முன்னாடி என்ன இருக்குன்னே எனக்குத் தெரியலையேம்மா."

"வால் கீழ இருக்கற வரைக்கும் எனக்கும்தான் தெரியாது. விமானத்தோட மூக்கு மறைச்சுக்கும். பக்கத்துல ஓரத்தப் பாத்து நான் சொல்றத மட்டும் கேளுங்க."

எஞ்சின் உறுமியது. "வலது. வலது. விடுங்க. இடது, இடது... தூங்கறீங்களா மாமா?" சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்தன. திட்டு முடியும் இடத்தில் விமானம் எழும்பியது.

ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை நெருங்கியபோது ரேடியோவில் பதில் வந்தது; ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அவள் குரல் தேய்ந்துவிட்டது. "தரை தொட்டதும்... முழங்காலுக்கு நடுவுல இருக்கற கம்பிய வயித்தோட இழுத்துப் பிடிங்க. விடாதீங்க."

எஞ்சினை அடக்கினாள். சக்கரங்கள் தட்டின. "இடது," என்றாள். அதோடு பேச்சு நின்றது.

"மத்ரோனா? ஏய், பேசும்மா."

வால் வலப்பக்கம் நழுவுவது அவர் இடுப்புக்குத் தெரிந்தது. வலது பெடலை அழுத்தினார். மறுபக்கம் நழுவியது, இடதை அழுத்தினார். கம்பியை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி மிதித்தார். விமானம் ஓய்ந்து நின்றது.

ஓடிவந்தவர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். "நாடி இருக்கு. பிழைச்சுக்குவா," என்றாள் நர்ஸ்.

ஓடுதளத்துக்காரர் சக்கரத் தடத்தைப் பார்த்தார். "ஓரத்துக்குக்கூடப் போகலையே பெரியவரே. இறங்கி வாங்க."

வாசிலி கையை நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கப்பா. எனக்குக் கண்ணு தெரியாது."