பின்னறையில் ஓர் இடம்

ரெஜினா ஜப்பானிய எழுத்துப் படிக்கும் அட்டைப்பெட்டியில் வரிசையாகப் பல அறைகள்; ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் தமிழ்ச்சொல், மறுபக்கம் அதன் ஜப்பானிய எழுத்து. நினைவில் நின்ற அட்டை பின்னறைக்குப் போகும். மறந்தது, தினமும் எடுத்துப் பார்க்க, முன்னறையிலேயே கிடக்கும்.

முன்னறையில் இருந்த ஆமை அட்டைக்கு ஏக மிதப்பு. "தினமும் என் மூஞ்சியிலதான் முழிக்கிறா. உன்னை எட்டியாவது பாத்தாளா?" என்று பின்னறைக் குடை அட்டையைச் சீண்டும். நம்மைக் கைகழுவிவிட்டாள் என்றே குடையும் நினைத்தது.

பல மாதம் கழித்து ஒருநாள் ரெஜினா குடையை எடுத்தாள். 'குடை' என்ற தமிழ்ப் பக்கத்தைப் பார்த்ததுமே அவள் விரல் ஒரு கோடு பிசகாமல் எழுத்தைக் காற்றில் போட்டது. குடைக்குச் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, இத்தனை நாளும் என்னைச் சுமந்துகொண்டா திரிந்தாள்!

அடுத்து ஆமை. விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

குடை இன்னும் பின்னால் போகும்போது, ஆமை மெல்லக் கேட்டது: "அக்கா, அங்க எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க."