நாற்பது கிலோ லேசு

தில்லை நகர் முருகானந்தத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவையில் கார் ரேஸ். இந்த வருஷமும் மச்சான் மதியழகனிடம் தோற்றால் மாமனார் வீட்டுப் பந்தியில் தலை நிமிர முடியாது.

"பின் சக்கரமும் சேர்ந்து திரும்புற சிஸ்டம் எனக்கு எதுக்கு நஸ்ருல்லா? கழற்றிடு, நாற்பது கிலோ குறையும். எடைதான்யா வேகத்துக்கு எதிரி" என்று தென்னூர் ஒர்க்‌ஷாப்பில் பிரசங்கம் செய்தார்.

"செஞ்சிடலாம் சார்."

"கழற்றின சாமான்ல ஒரு நட்டுகூட உன் கடையில தங்கக் கூடாது. மெக்கானிக்குங்களை எனக்குத் தெரியும்."

நஸ்ருல்லாவின் முகம் சுருங்கியது.

ரேஸில் முருகானந்தம் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியழகன் டீயே குடித்து முடித்திருந்தான். இவர் போனைப் போட்டுக் கத்தினார்.

"என்னத்தய்யா கழற்றினே? வண்டி முன்னைவிட மந்தமா போகுது."

"எல்லாத்தையும் கழற்றிட்டேன் சார். சந்தேகம்னா டிக்கியைத் திறந்து பாருங்க, ஒரு நட்டு குறையாது. உருண்டு கீறல் விழக் கூடாதேன்னு தேக்குல பெட்டி அடிச்சு, அதுக்குள்ள பூட்டி வச்சிருக்கேன்."

பெட்டியை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். முதலில் கை கொடுத்தது மதியழகன்தான்.

"என்ன மாமா, ரேஸுக்கு யாராச்சும் பெட்டி படுக்கையோட வருவாங்களா?"